ஒரு ஷிஃப்ட் தண்ணீர்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் கழிவுநீரை மேட்டுக்கு ஏற்ற ஒரு பம்பு ஹவுஸ் கட்ட வேண்டும் என்று துரை முடிவு செய்தபோது, ஊரிகம் டிராயிங் ஆபீஸில் அதை வரையத் தகுதியுள்ளவர்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். இன்னொருவனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என் புகாரின் சாரம் இதிலேயே வந்துவிட்டது. என்னுடைய நினைவுகளை எழுத என்னுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தாலும் அவன்தான் முன்னால் வந்து நிற்கிறான்.

'அவர்' என்று எழுதுவதுதான் முறை. பிற்காலத்தில் அவனுக்கு அந்த மரியாதையை எல்லோரும் கொடுத்தார்கள். ஆபீஸில் நானும் கொடுத்தேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சென்னையில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் படித்தவர்கள். பரீட்சையில் நான் அவனுக்கு மேலே. வேலையில் முதலில் சேர்ந்ததும் நான். அதனால் அவன் என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டான். கேட்பவர்களுக்கு அது பணிவாகத் தெரியும். ஒவ்வொரு தடவை அவன் அப்படிக் கூப்பிடும்போதும், மூத்தவனாக இருந்தும் இன்னும் இதே மேஜையில்தான் இருக்கிறாயா என்று யாரோ கேட்பது போல எனக்கு இருக்கும்.

அவன் வேலையில் கஷ்டம் என்ற ஒன்று தெரியவே தெரியாது. வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது அந்தக் காலத்தில் ஒரு தனிப் பாடு. செங்கல்லுக்குச் சிவப்பு, வார்ப்பிரும்புக்குச் சாம்பல், மரத்துக்குப் பழுப்பு, தண்ணீருக்கு வெளிர்நீலம். தூரிகையில் தண்ணீர் ஒரு சொட்டு கூடினால் ஓரத்தில் கோடு கட்டிவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டுவேன். அவன் பக்கத்து மேஜைக்காரனிடம் கதை சொல்லிக்கொண்டே தீட்டுவான், கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே தீட்டுவான். சுவர் முழுக்க ஒரே சீரான சிவப்பாகக் காய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வாய் எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் பாட்டுக் குழுவில் கனத்த கீழ்க்குரல் பாடும். நாங்கள் ஒரே சபை. என் மனைவி அந்தக் குரலைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பக்திதான் என்று அவள் சொன்னாள். நான் நம்பினேன்.

பம்பு ஹவுஸ் விஷயத்துக்கு வருகிறேன். சாம்பியன் ரீப்ஸ் லைன்களில் பின்பக்கத்து வரிசைகள் ஒரு பள்ளத்தில் இருந்தன. குளிக்கிற தண்ணீர், அரிசி கழுவுகிற தண்ணீர், மீன் அலசுகிற தண்ணீர் எல்லாம் அங்கே வந்து தேங்கும். அதற்கு முந்தைய வருஷங்களில் காலராவும் பிளேக்கும் வந்து போயிருந்ததால், தேங்கிய தண்ணீரைக் கண்டாலே துரைமார்களுக்குப் பயம். அதை ஒரு தொட்டியில் சேர்த்து, பம்பு வைத்து, மேட்டைத் தாண்டியிருந்த வாய்க்காலுக்குத் தள்ளிவிட வேண்டும். சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மோட்டார் வைத்த பம்பு என்றால் பார்ப்பதற்கே ஆட்கள் கூடுவார்கள்.

எங்கள் துரைக்கு ஒரு பழக்கம். ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுப்பார். இரண்டு வரைபடங்களையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, எல்லோரையும் கூப்பிட்டுப் பேசவைப்பார். குதிரைப் பந்தயத்தில் அவருக்கு இருந்த ஆசையை ஆபீஸிலேயே தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை பந்தயத்துக்குப் பரிசும் இருந்தது. எங்கள் பகுதிக்குத் தலைவராக இருந்த, ஆங்கிலோ இந்தியரான சட்டைக்காரப் பெரியவர் வேலையை விட்டுப் போகவிருந்தார். யாருடைய பம்பு ஹவுஸ் கட்டப்படுகிறதோ அவனுக்கு அந்த நாற்காலி. துரை வாய்விட்டே சொன்னார்.

அந்த நாற்காலியோடு ஒரு வீடும் சேர்ந்து வரும். அந்த வீட்டின் முற்றத்தில் ஒரு குழாய் இருந்தது. ஏரியிலிருந்து தண்ணீர் ஏற்றி முகாம்களுக்கெல்லாம் குழாயில் விட்டுக்கொண்டிருந்த காலம். அந்தக் குழாய்களின் வளைவுகளில் பாதியை வரைந்தவன் நான். என் மனைவியோ தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்தாள்.

"கொழாயி வரைஞ்ச கைக்கு ஒரு கொழாயி கெடைக்காதா?" என்று அவள் கேட்பாள். வேடிக்கையாகத்தான் கேட்பாள், ஆனால் தினமும் கேட்பாள்.

கழிவுநீருக்கு ஒரு பம்பு ஹவுஸ் வரைவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை பல. தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்த நேரத்தில் அதிகம் வருகிறது, எவ்வளவு உயரம் ஏற வேண்டும், குழாயின் உள்சுவரில் உரசி எவ்வளவு பலம் வீணாகிறது, இவை யாருக்கும் தோன்றும். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்று இளைத்தது, லண்டன் புத்தகத்தில் போட்டிருக்கிற ஆழத்திலிருந்து இங்கே பம்பு தண்ணீரை உறிஞ்சாது என்பது கொஞ்சம் படித்தவனுக்குத் தோன்றும். துணி, வேப்பங்குச்சி, தேங்காய் நார் இவற்றைத் தடுக்கக் கம்பிச் சல்லடை வேண்டும், அந்தச் சல்லடையைச் சுத்தம் செய்கிறவன் நிற்க இடம் வேண்டும் என்பது பொறுமையுள்ளவனுக்குத் தோன்றும். எனக்கு எல்லாம் தோன்றியது. நான் எல்லாவற்றையும் செய்தேன். லைன்களின் ஓட்டைத் தகரக் கால்வாய்களில் பலகை வைத்துத் தண்ணீரின் உயரத்தை அளந்தேன். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் குளிக்கிற நேரத்தில் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று நின்று பார்த்தேன். என் காலணி கெட்டது.

அவனும் லைன்களுக்குப் போனான். யார் வீட்டிலோ புட்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

வந்தவன் என் மேஜை மேல் சாய்ந்து, "அண்ணே, கணக்கு எவ்ளோ வந்துச்சி?" என்றான்.

நான் முழங்கையால் தாளை மறைத்தேன். "இன்னும் முடியல."

"எனக்கு முடிஞ்சிபோச்சி. ஒரு ஷிஃப்ட் தண்ணி. அவ்ளோதான். தொட்டிய பெருசா தோண்டிட்டா தீர்ந்துது."

அவன் செய்யவிருந்த தவறு அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுரங்கத்துக்குள்ளே ஒவ்வொரு லெவலிலும் பாறையிலிருந்து ஊறுகிற தண்ணீர் ஒரு குழியில் சேரும். அங்கிருந்து பம்பு அதை மேலே தள்ளும். பம்பு கெட்டால் சுரங்கம் மூழ்கிவிடும் என்பதால், ஒரு ஷிஃப்ட் முழுக்க ஊறுகிற தண்ணீரைத் தாங்கும் அளவுக்குக் குழியைப் பெரிதாகத் தோண்டுவது இங்கே சட்டம். பழுது பார்க்க ஒரு ஷிஃப்ட் கிடைக்கும். சுரங்கத் தொழிலுக்குப் பேர்போன கார்ன்வால் தேசத்திலிருந்து வந்த துரைமார்கள் முதல் எங்கள் மேஸ்திரிகள் வரை எல்லோருடைய மூளையிலும் இந்தச் சட்டம் ஊறிப்போயிருந்தது. பம்பு என்றால் குழி, குழி என்றால் ஒரு ஷிஃப்ட். அதைக் கேள்வி கேட்டவன் யாருமில்லை.

பாறைத் தண்ணீர் ஒரு ஷிஃப்ட் என்ன, ஒரு வருஷம் நின்றாலும் பாறைத் தண்ணீர்தான். லைன் வீட்டுத் தண்ணீர் அப்படியா? கஞ்சியும் மீன் செதிலும் சீயக்காயும் கலந்த தண்ணீரை எங்கள் ஊர் வெயிலில் ஒரு ஷிஃப்ட் மூடி வைத்தால் அது அழுகும், நாறும், விஷக்காற்றை விடும். கழிவுநீர்த் தொட்டி சிறிதாக இருக்க வேண்டும். அடிக்கடி நிரம்ப வேண்டும், அடிக்கடி இறைக்கப்பட வேண்டும். புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. நான் அப்படித்தான் வரைந்தேன். சின்னத் தொட்டி. அதில் ஒரு செம்பு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், கம்பி இழுக்கும், மணி அடிக்கும், ஆள் மோட்டாரைப் போடுவான். ஒரு பம்பு பழுதானால் மாற்று பம்பு ஒன்று பக்கத்திலேயே தயாராக நிற்கும்.

அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். போட்டிக்கு வரைந்த இரண்டு படங்களில் ஒன்றின் குறையை மற்றவன் சொல்ல வேண்டிய இடம் துரையின் முன்னிலை. அதுதான் முறை. நான் முறை தவறியவன் இல்லை.

படங்கள் சுவரில் ஏறின. என் படத்தில் குறிப்புகள் அதிகம். அவன் படத்தில் கட்டடம் அதிகம். வளைவான ஜன்னல்கள், ஓட்டுக்கூரை, வாசலில் இரண்டு படி. கழிவுநீர் இறைக்கிற இடத்தைக் கல்யாணம் நடத்துகிற இடம் மாதிரி வரைந்திருந்தான். சின்னதாக ஒரு வேப்பமரம் வேறு. பம்பு ஹவுஸ் படத்தில் மரம் போட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. துரை முதலில் பார்த்தது அந்த மரத்தை.

அப்புறம் அவன் பேசினான். பம்பு ஓட்டுகிறவன் ஷிஃப்ட் மாறுகிற சங்கு ஊதும்போது வந்து மோட்டாரைப் போட்டால் போதும், இடையில் யாரும் இருக்க வேண்டியதில்லை, பக்கத்துச் சுரங்க ஷாஃப்டின் பம்பு ஆளே இதையும் பார்த்துக்கொள்வான் என்றான். துரையின் முகம் மலர்ந்தது. இந்த ஊரில் சாப்பாடு, தூக்கம், சண்டை, கல்யாணம் எல்லாம் சங்குக்குத்தான் நடந்தன. கழிவுநீரும் சங்குக்குக் கட்டுப்படும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

நான் எழுந்து என் ஆட்சேபத்தைச் சொன்னேன். தண்ணீர் அழுகும் என்றேன். காரணத்தை ரசாயனத்தோடு சொன்னேன். கொஞ்சம் நீளமாகப் போயிருக்கலாம்.

துரை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு, இந்த ஷாஃப்டுகளில் எத்தனையோ குழிகள் ஒரு ஷிஃப்ட் கணக்கில் ஓடுகின்றனவே, அவை நாறுகின்றனவா என்று கேட்டார். அது பாறையில் பிறந்த தண்ணீர், இது சமையலறையில் பிறந்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உங்கள் மணி அடிக்கும்போது ஆள் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று துரை கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் பம்பு ஹவுஸ் கட்டப்பட்டது. நான் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து அதற்கான ஆணி, நட்டுப் பட்டியல்களைச் சரிபார்த்தேன். வேப்பமரத்தைக்கூட நட்டார்கள்.

குளிர்காலத்தில் திறந்தார்கள். மாலை, ஜெபம், எலுமிச்சம்பழத் தண்ணீர் எல்லாம் உண்டு. இந்து வீட்டார் மோட்டாருக்குக் குங்குமம் வைத்தார்கள், எங்கள் போதகர் அதைப் பார்க்காதது மாதிரி பைபிளைத் திறந்தார். பள்ளம் காய்ந்தது. சங்கு ஊதியது, மோட்டார் ஓடியது, தண்ணீர் மேடேறியது. அவனை லைன்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போகாத குறை. நான் வெயில் காலத்துக்காகக் காத்திருந்தேன்.

நாற்காலியை துரை உடனே கொடுக்கவில்லை. சட்டைக்காரப் பெரியவருக்கு வாரிசு யார் என்பதை ஜூன் மாதம் அறிவிப்பதாகச் சொல்லிவிட்டார். அதனால் எனக்கு வெயிலின் மேல் இன்னும் நம்பிக்கை இருந்தது. பங்குனி பிறந்ததும் நான் மாலை உலாவப் போகிற வழியைச் சாம்பியன் ரீப்ஸ் பக்கம் மாற்றிக்கொண்டேன். முதலில் லேசாக வந்தது. பிறகு அழுகிய முட்டை என்று சொன்னால் முட்டைக்கு அவமானம் என்கிற அளவுக்கு வந்தது. பம்பு ஹவுஸின் கதவுக்கு அடித்திருந்த வெள்ளைப் பெயின்ட் பழுப்பாகி, அப்புறம் கறுத்தது. வெள்ளைப் பெயின்டில் ஈயம் இருக்கிறது, அந்த விஷக்காற்றுக்கு ஈயம் கறுக்கும். வெள்ளியும் கறுக்கும். இதை நான் காலேஜில் படித்திருந்தேன். லைன் வீட்டுப் பெண்கள் படிக்கவில்லை, ஆனால் கொலுசு போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை ஏழெட்டுப் பெண்கள் டிராயிங் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் ஒரு கொலுசைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். அடுப்புக்கரியில் செய்தது போல இருந்தது.

"பம்பு ஊடு கட்டின சாமி யாரு?"

அவன் எழுந்து போனான். "நான்தாம்மா. இன்னா சேதி?"

"இன்னா சேதியா? நாத்தத்துல சோறு துன்ன முடியல. அது போவட்டும். இத்தப் பாரு. தீவாளிக்கு என் ஊட்டுக்காரரு வாங்கியாந்தது. பள பளன்னு வாங்கியாந்தாரு."

"பத்தர கேட்டியாம்மா? ஈயத்துல செஞ்சி குடுத்துருப்பாரு."

"கேக்காம இருப்பமா? கட கதவ ஒடச்சிட்டு கேட்டோம். அந்தாளு தலையில துண்டப் போட்டுக்கினு அழுவுறாரு." பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "முன் லைன்ல ஒருத்திக்கும் கறுக்கல. அவங்களுக்கும் அதே பத்தருதான். பின் லைன்ல இருக்கறவளுக்கு மட்டும் கறுக்குது. லைன பாத்தா பத்தரு வெள்ளி வெப்பாரு?"

"அத மட்டும் கேளுடி! கொலுசுக்கு பதிலு சொல்லாம சாமிய உள்ள போவ வுடாத," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

அவன் கொலுசை வாங்கிப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். நான் மேஜையில் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கூர்மையாகப் பென்சில் சீவியதில்லை. இந்தச் சத்தத்துக்கு துரையும் தன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். சாட்சிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். இதைவிட நல்ல ஏற்பாட்டை நானே செய்திருக்க முடியாது. அவன் சாக்கு சொல்லுவான், சல்லடையைக் குறை சொல்லுவான், பம்பு ஓட்டுகிறவனைக் குறை சொல்லுவான், அப்போது நான் எழுந்து பேச வேண்டும் என்று முதல் வாக்கியத்தை மனதில் தயார் செய்துகொண்டேன்.

அவன் துரையிடம் இங்கிலீஷில் சொன்னது இவ்வளவுதான். தொட்டியை ஒரு ஷிஃப்ட் கணக்கில் தோண்டியது என் தவறு, தண்ணீர் அழுகுகிறது, இவர் அன்றைக்கே சொன்னார், நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தமிழில், "தப்பு என்னுதும்மா. பத்தரு மேல ஒண்ணும் இல்ல. புளி போட்டு தேய், வெளுக்கும். தொட்டிய நான் சரி பண்ணித் தரேன்," என்றான்.

"புளிக்கு நீயா குடுப்ப?"

"குடுக்கறேன்."

குடுத்தான். ஒரு கூடை புளி வாங்கி லைனுக்கு அனுப்பினான். என்னிடம் தயாராக இருந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அன்று மத்தியானமே என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, உங்க மணிய எடுத்துக்கட்டா?"

"என்ன மணி?"

"உங்க படத்துல போட்டீங்களே, மெதவ, மணி. தொட்டி நடுவுல செவுரு வெச்சி சின்னதாக்கிடறேன். அந்தச் சின்னதுல உங்க மெதவ. அது இல்லாம முடியாதுண்ணே."

முடியாது என்று எப்படிச் சொல்வது? ஆபீஸில் வரைந்த படம் ஆபீஸின் சொத்து. "எடுத்துக்கோ," என்றேன். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை சூடாக, ஈரமில்லாமல் இருந்தது. வெயில் காலத்தில் எப்படி ஒருவன் கை ஈரமில்லாமல் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சுவர் எழுந்தது. தொட்டி நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. மிதவை ஏறியது, மணி அடித்தது, நாற்றம் போனது. கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். பின் லைன் பெண்கள் அடுப்பில் உலை வைத்துவிட்டு மணி அடிப்பதைக் கணக்கு வைத்து இறக்கப் பழகிக்கொண்டார்கள் என்று கேள்வி. என் மணி ஊருக்குச் சோறு வடித்துக் கொடுத்தது. ஊர் அதை அவன் மணி என்றது.

ஜூன் மாதம் துரை நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார். காரணத்தையும் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டு, தானே சீக்கிரமாகத் திருத்துகிற ஆள்தான் தலைவனாக இருக்க வேண்டுமாம். எனக்கு அப்போதுதான் விளங்கியது, என் குறை என்னவென்று. நான் தவறு செய்யவில்லை. தவறு செய்யாதவனுக்குத் தவறை ஒப்புக்கொள்கிற சந்தர்ப்பம் எப்படிக் கிடைக்கும்? துரை என் பக்கம் திரும்பி, நீங்கள் சொன்னதும் சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லி, தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

என் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"கொழாயடில எல்லாம் அவரப் பத்தித்தான் பேச்சு. தப்ப தப்புன்னு ஒத்துக்கினாராமே. எந்த ஆம்பள ஒத்துக்குவான்னு ஒருத்தி அழுவுறா."

"அந்த மணி என்னுடையது."

"தெரியுங்க. கொழாயடில போயி சொல்லட்டா?"

நான் தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"சொல்லுங்க, போறேன். 'மணி எங்க ஊட்டுக்காரருது, யாரும் அவர தோள்ல தூக்காதீங்க, மணிய தூக்குங்க'ன்னு சொல்றேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இன்னாங்க நீங்க, இதுக்குப்போயி," என்று சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

சில மாதங்களில், எங்கள் வட்டாரத்திலேயே இருந்த பாலகாட் சுரங்கத்தில் ஓர் இடம் காலியானது. சின்னச் சுரங்கம், சின்ன ஆபீஸ், ஆனால் தலைமை இடம். வீடு உண்டு, முற்றத்தில் குழாய் உண்டு. எனக்கு உத்தரவு வந்தது. நான் விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்தால், அவன்தான் துரையிடம் சொல்லி, துரை பாலகாட் துரையிடம் சொல்லியிருக்கிறார். கழிவுநீர் விஷயத்தில் இந்த வட்டாரத்தில் இவரைவிடத் தெரிந்தவர் இல்லை என்று சொன்னானாம்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நல்ல காரணங்கள் பல இருந்தன. அவற்றை என் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

"கொழாயி கீதா அந்த ஊட்டுல?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப காரணத்த கொழாயிக்கிட்ட சொல்லுங்க," என்று பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பாலகாட் போனோம். முதல் வாரம் அவள் தேவையில்லாமலே குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அந்த மனுசனுக்கு ஒரு நாளு விருந்து வெக்கணுங்க," என்றாள். வைத்தோம். அவன் மூன்று தரம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான். என்னைவிட அவன் அந்த வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தான்.

பாலகாட்டிலும் லைன்களுக்கு ஒரு கழிவுநீர் பம்பு ஹவுஸ் தேவைப்பட்டது. இந்தத் தடவை போட்டி இல்லை, சுவரில் ஒரே படம். நான் வரைந்தேன். தொட்டி சிறிது, அடிப்பாகம் சரிவு, மூலையெல்லாம் உருட்டல், அழுக்குத் தங்க இடமில்லை. சல்லடைக்குப் பக்கத்தில் ஆள் நிற்கக் கல். பம்பு இரண்டு. காற்றுப் போக உயரமான புகைக்குழாய் போன்ற ஒரு குழாய். வண்ணங்கள்கூட ஓரம் கட்டாமல் காய்ந்தன. கட்டி முடித்த நாளிலிருந்து ஒரு தரம்கூட அது நாறவில்லை, நிற்கவில்லை, யாருடைய கொலுசும் கறுக்கவில்லை.

அதனால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. பள்ளம் காய்ந்தது, ஜனங்கள் அந்த இடத்தில் ஆடு கட்டினார்கள். திறப்பு விழா அன்று பாலகாட் துரை வேட்டைக்குப் போயிருந்தார். என் பம்பு ஹவுஸ் எது என்று கேட்டால் அந்த லைன்காரர்களே, "எது, ஆடு கட்டற எடமா?" என்பார்கள். சாம்பியன் ரீப்ஸிலோ, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குக்கூட அந்தக் கொலுசுக் கதையைச் சொல்லி, அவன் கட்டடத்தைக் காட்டுவார்கள். நாறிய பம்பு ஹவுஸுக்குக் கதை இருந்தது. நாறாததற்கு என்ன கதை சொல்வது?

ஒரு வருஷம் பெங்களூரிலிருந்து சுகாதார இலாகா அதிகாரிகள் சிலர் பார்வையிட வந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது சாம்பியன் ரீப்ஸ் பம்பு ஹவுஸை. அதைப் பார்த்துவிட்டுப் பாலகாட் துரையின் பங்களாவில் சாப்பிட வருவதாக ஏற்பாடு. என் பம்பு ஹவுஸ் அந்த வழியில்தான் இருந்தது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, வேறு ஏதோ வேலையாக வந்தவன் போல அதன் வாசலில் நின்றேன். வண்டிகள் நிற்காமல் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பார்த்துவிட்டால் கோபத்துக்கு ஒரு வருஷத்துக்கான தீனி கிடைத்துவிடும்.

குதிரை வண்டிகள் வந்தன. முதல் வண்டி என்னைத் தாண்டிப் போனது. இரண்டாவது வண்டியிலிருந்து, "நிறுத்து, நிறுத்து!" என்று ஒரு கீழ்க்குரல் கேட்டது. அவன் குதித்து இறங்கினான். முன்னால் போன வண்டியையும் கையைத் தட்டித் திரும்பக் கூப்பிட்டான். அதிகாரிகள் எல்லோரையும் இறக்கி, ஆடுகளுக்கு நடுவில் நடத்திக்கொண்டு வந்தான்.

"அண்ணே, நீங்களே இங்க கீறீங்க! நல்லதாப் போச்சி," என்று என் தோளில் கை போட்டான். பிறகு இங்கிலீஷில் அவர்களிடம் ஆரம்பித்தான். நீங்கள் இப்போது பார்த்துவிட்டு வந்தது திருத்தப்பட்ட தவறு, இது முதலிலேயே சரியாகச் செய்யப்பட்டது என்றான். மூச்சை இழுத்துப் பாருங்கள், ஏதாவது தெரிகிறதா என்றான். அவர்கள் மீசையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்கள். ஆட்டு வாசனை தவிர வேறில்லை என்றார்கள். அடியின் சரிவை, மூலையின் உருட்டலை, காற்றுக் குழாயின் உயரத்தை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொன்னான். எல்லாம் சரியான காரணங்கள். நான் யாரிடமும் சொல்லாத காரணங்கள், சொல்லியிருந்தால் நீளமாகப் போயிருக்கும் காரணங்கள். அவன் வாயிலிருந்து அவை சின்னச் சின்ன வாக்கியங்களாக வந்து விழுந்தன. ஒரு வயதான அதிகாரி குனிந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தே விட்டார். என் பம்பு ஹவுஸ் எவ்வளவு நல்லது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

இத்தனை வருஷம் நான் கேட்க ஏங்கிய வார்த்தைகள். யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த வார்த்தைகள். உலகத்தில் எத்தனையோ வாய்கள் இருக்க, அவை இவன் வாயிலிருந்துதான் வர வேண்டுமா? நன்றி சொல்ல வேண்டிய இடம் என்பது தெரிகிறது. நான் கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். அதிகாரிகள் என்னைப் பார்த்தார்கள். அவனும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தான்.

கடைசியாக அவன் மேட்டைக் காட்டி, இங்கிருந்து அந்த வாய்க்கால் வரை நாற்பதடி ஏற்றம் என்றான்.

"நாற்பத்திரண்டு," என்றேன் நான்.

என் குரல் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. ஓர் ஆடு கத்தியது. அந்த வயதான அதிகாரி புருவத்தை உயர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். நன்றிகெட்டவன் என்று அந்தப் பார்வை சொன்னது. அவர்கள் திரும்பி வண்டிகளை நோக்கி நடந்தார்கள்.

"நாப்பத்திரெண்டு, நாப்பத்திரெண்டு. மன்னிச்சிக்கோங்கண்ணே," என்று அவன் என் கையைக் குலுக்கிவிட்டு அவர்கள் பின்னால் ஓடினான்.

நாற்பத்திரண்டுதான். நானே மட்டம் பிடித்து அளந்தது.